பயிற்சி யார் செலவில்? வேலை யார் கையில்?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் பத்து மைல் சொச்சம் போனால் கீழ்பென்னாத்தூர். நெல், மணிலா, கரும்பு விளையும் வட்டாரம். காலை நேரத்தில் அங்கே பஸ் நிற்குமிடத்தில் கொஞ்சம் நின்று பார்த்தால் போதும், நாட்டின் நிலைமை கண்ணெதிரே தெரியும். ஒரு புறம் நடவுக்கும் களையெடுப்புக்கும் தூக்குச் சட்டியோடு போகும் தாய்மார்கள். மறு புறம் அவர்கள் பெற்ற பெண்கள். பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களைப் போட்டுக்கொண்டு திருவண்ணாமலைக்கு டைப்ரைட்டிங்கும் கம்ப்யூட்டரும் படிக்கப் போகிறார்கள். குனிந்த இடுப்பு நிமிராமல் தாய் சம்பாதித்ததை மகள் கட்டணமாகக் கொண்டு போகிறாள்.

அந்த வட்டாரத்து விவசாயத் தொழிலாளி ஒருவர் நம்மிடம் கேட்டார்: “பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிடுச்சு. டைப்பு ரெண்டும் பாஸு. கம்ப்யூட்டருக்கு வேற ஆறு மாசம் பணம் கட்டிப் படிச்சுது. அந்த சர்ட்டிபிகேட்டு செல்லாதுன்னு இப்ப சொல்றாங்க. இன்னும் எத்தினி காகிதத்துக்குத்தான் நான் பணம் கட்டறது, தோழரே?”

இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்வது நம் கடமை. “படிக்க வைத்தால் பிழைத்துக்கொள்ளும்” என்று தட்டிக் கழிக்க நமக்கு மனமில்லை. “வேலையா கிடைக்கப்போகிறது, விட்டுத் தள்ளு” என்று சொல்லவும் மனமில்லை.

முதலில் விவரத்தைத் தெரிந்துகொள்வோம். விவரம் தெரியாததால்தான் பாதிப் பணம் பறிபோகிறது.

தமிழ்நாட்டு சர்க்கார் ஆபீஸ்களில் இளநிலை உதவியாளர், டைப்பிஸ்ட், சுருக்கெழுத்துத் தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் முதலிய வேலைகளுக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பரீட்சைக்கு குரூப் 4 என்று பெயர். பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் எழுதலாம். இளநிலை உதவியாளர் வேலைக்கு டைப்ரைட்டிங் கட்டாயமே இல்லை. டைப்பிஸ்ட் வேலைக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேற வேண்டும். ஒன்றிலாவது முதுநிலை வேண்டும், மற்றதில் இளநிலை போதும். இளநிலை என்றால் நிமிஷத்துக்கு 30 சொல், முதுநிலை என்றால் 45. இந்தச் சான்றிதழை அளிப்பது அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருவோம். அலுவலகக் கணினிச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு; சுருக்கமாக ‘சிஓஏ’ என்பார்கள். அதற்கும் தேர்வு நடத்துவது அதே இயக்ககம்தான். டைப்பிஸ்ட் வேலைக்கு அது வேண்டும். ஆனால் விண்ணப்பம் போடும்போதே கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலை கிடைத்த பிறகு, தகுதிகாண் பருவம் முடிவதற்குள் தேறினால் போதும் என்று தேர்வாணையத்தின் அறிவிப்பிலேயே இருக்கிறது. இதை எத்தனை குடும்பங்கள் அறியும்? கம்ப்யூட்டர் சான்றிதழ் இல்லை என்பதற்காக விண்ணப்பமே போடாமல் இருந்துவிட்ட பெண்களை நாம் பார்த்திருக்கிறோம்.

கடைத்தெரு மாடிகளில் நடப்பது வேறு. ‘டிசிஏ’ என்றும் ‘பிஜிடிசிஏ’ என்றும் மூன்றெழுத்து, ஐந்தெழுத்துப் பட்டங்கள். பலகையில் அசோகச் சக்கரம் மாதிரி ஒரு படம், ‘அரசு அங்கீகாரம்’ என்று கொட்டை எழுத்து. எந்த அரசு, என்ன அங்கீகாரம் என்று கேட்டால் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்த எண்ணைக் காட்டுகிறார்கள். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. டீக்கடைக்கும் லைசென்ஸ் உண்டு. அதனால் டீக்கடை பட்டம் கொடுக்க முடியுமா? இத்தகைய இடங்களில் ஒழுங்காகச் சொல்லித்தருகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். சொற்பச் சம்பளத்துக்கு அவர்களும் உழைப்பாளிகளே. அவர்கள் கற்றுக்கொடுத்த வித்தை வீண் போகாது. ஆனால் அந்தக் காகிதம் குரூப் 4-க்கு டைப்பிஸ்ட் சான்றாகச் செல்லாது. இதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுவதுதான் யோக்கியம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். பல இடங்களில் கைக்கு வந்தது அதிலும் குறைவு. ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஐயாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முழுக்கூலி கிடைத்தாலும் பதினைந்து நாள் உழைப்பு. அந்தப் பதினைந்து நாளும் வீட்டில் உலை கொதிக்க வேண்டாமா? கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐடிஐ-யிலோ சேர்ந்த அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருவதற்கு 2022-ல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் பன்னிரண்டாவதோடு நின்று டைப்ரைட்டிங் படிக்கப் போகிறவள் அதில் சேர்த்தியில்லை. படிப்பைத் தொடர வசதியில்லாமல் நின்றவள்தான் அவள். உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவளுக்கு இல்லை!

“கூலிக்காரனுக்கு எதற்கு இந்தக் குமாஸ்தாப் பேச்சு? வயற்காட்டில் வேலை செய்கிறவனுக்கும் ஆலையில் நூல் முடிகிறவனுக்கும் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?” என்று சில தோழர்கள் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. ஒரு குமாஸ்தாவின் கைப்பிழை ஒரு கூலிக்காரியின் வயிற்றில் எப்படி அடிக்கும் என்பதை இந்தச் சில வருஷங்களில் நம் மக்கள் அனுபவித்துப் பார்த்துவிட்டார்கள்.

2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து நூறு நாள் வேலைத் தளத்தில் வருகைப் பதிவைச் செல்போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து கூலியை ஆதார் வழியாகத்தான் போடுவோம் என்றது. என்ன நடந்தது? வேலை அட்டையில் முனியம்மாள் என்று இருக்கும். ஆதாரில் முனியம்மா என்று இருக்கும். வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் வேறொரு விதமாக இருக்கும். மூன்றும் ஒரே பெண்மணிதான் என்று ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஓர் எழுத்து, ஒரு ‘ள்’, ஒத்துப்போகவில்லை என்றால் கூலி நின்றுவிடும். மண் வெட்டியது உண்மை, வெயிலில் நின்றது உண்மை, பணம் மட்டும் வராது. பெயரைத் திருத்த ஒன்றிய ஆபீசுக்கு ஒரு நாள், வங்கிக்கு ஒரு நாள், ஆதார் மையத்துக்கு ஒரு நாள் என்று அலைந்த கூலியெல்லாம் யார் கணக்கில்? 2025 டிசம்பரில் மத்திய சர்க்கார் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தது. அது தனி விஷயம், அதைப்பற்றித் தனியே எழுதவேண்டும். சட்டம் மாறினாலும் கம்ப்யூட்டரும் பெயர்ப் பட்டியலும் போய்விடவில்லை.

இப்படித் தவறாக எழுதியது யார்? மனமறிந்து யாரும் செய்யவில்லை. ஒன்றிய ஆபீஸில் தொகுப்பூதியத்துக்கு, வருஷக்கணக்கில் நிரந்தரம் ஆகாமல் உட்கார்ந்திருக்கும் கணினி உதவியாளர் ஓர் ஆள். அவர் முன்னால் பல கிராமங்களின் பட்டியல். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அவருக்கு யாரும் ஒழுங்கு சொல்லித்தரவில்லை. ஒருவர் சொன்னதை மற்றொருவர் சரிபார்க்க ஆள் இல்லை. குமாஸ்தாப் பயிற்சி என்றால் விரல் வேகம் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதியதைப் படித்துக் காட்டுவது, ஒப்பிட்டுப் பார்ப்பது, பழைய ஏட்டோடு சரிபார்ப்பது, எதிரில் நிற்கும் கிழவியிடம் பொறுமையாகக் கேட்பது, இவையெல்லாம் அந்தத் தொழிலின் பகுதி. நம் வீட்டுப் பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முனியம்மாளுக்கு ‘ள்’ உண்டா இல்லையா என்று கேட்டு எழுதுவாள். எல்லோரும் கேட்பார்கள் என்று நாம் உத்தரவாதம் தரவில்லை. கேட்பதற்கு வாய்ப்பு அதிகம் என்கிறோம்.

பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் 60 ரூபாய். அந்தப் படிவத்தை நிரப்பித் தருவதற்கென்று வெளியே தனிக் கட்டணம் வாங்குகிறவர்கள் உண்டு. நெல் விற்கக் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் முதலில் இணையத்தில் பதிவு. ஆலைத் தொழிலாளிக்கும் இதே கதைதான்: வருகை விரல் ரேகையில், சம்பளச் சீட்டு செல்போனில், வைப்புநிதிக் கணக்கு இணையத்தில். முதலாளி பிடித்த பணத்தைக் கட்டினானா இல்லையா என்று தொழிலாளி தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தால், கேட்க வேண்டிய நேரத்தில் கேட்க முடியும். ஒரு காலத்தில் கைநாட்டு வைத்தவனை வட்டிக்கடைக்காரன் ஏமாற்றினான். இன்று திரையைப் படிக்கத் தெரியாதவனை ஏமாற்றுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இயந்திரத்தைப்பற்றி நம் இயக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1960-களின் நடுவில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் கம்ப்யூட்டர் கொண்டுவர முனைந்தபோது, கல்கத்தாவில் இலாக்கோ ஹவுஸ் என்ற கட்டடத்தின் வாசலில் ஊழியர்கள் இரவும் பகலும் காவல் நின்று அது உள்ளே போகாமல் தடுத்தார்கள். “வேலையில்லாத் திண்டாட்டம் உள்ள நாட்டில் ஆளைக் குறைக்கும் இயந்திரம் யாருக்காக?” என்று கேட்டார்கள். தானியங்கி இயந்திரங்களைப்பற்றி ஆராய 1969-ல் மத்திய சர்க்கார் பேராசிரியர் தண்டேகர் தலைமையில் கமிட்டி போட வேண்டியதாயிற்று. அவர்கள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. இயந்திரத்தை வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்ற எண்ணம்தான் நிலைக்கவில்லை. 1983-ல் வங்கி ஊழியர் சங்கங்கள் வேறு வழி எடுத்தன. எவ்வளவு இயந்திரம், எந்தெந்த வேலைக்கு, அதில் உட்காருவோருக்கு என்ன தனிப்படி என்று நிர்வாகத்தோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. இயந்திரம் வந்தது, ஆனால் சங்கத்தைக் கேட்டுக்கொண்டு வந்தது. நம் அபிப்பிராயத்தில் இரண்டாவது வழியே பலன் தந்தது. முதலாவது நடந்திராவிட்டால் இரண்டாவதற்கு நிர்வாகம் இறங்கி வந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது பேசினால் தானே எழுதிக்கொள்ளும் மென்பொருள் வந்திருக்கிறது. கடிதத்தின் கருத்தைச் சொன்னால் கடிதத்தையே எழுதிவிடுகிறது. “இனி டைப்பிஸ்ட் எதற்கு?” என்று இதைக் காட்டிச் சொல்லப்போகிறார்கள். அது எழுதியது சரியா என்று பார்க்க ஆள் வேண்டும்; முனியம்மாளின் ‘ள்’ அதற்கும் தெரியாது. வேலையின் தன்மை மாறும் என்றால் மாறிய வேலைக்குப் பயிற்சி கொடு. அதைக் காட்டி இடத்தை ஒழிக்காதே.

டைப்ரைட்டர் கதையையும் இங்கே சொல்லிவிடுவோம். 1956-ல் தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் வந்த பிறகு தாலுகா ஆபீஸ் வரை தமிழ்த் தட்டச்சுப் பொறி தேவைப்பட்டது. அதற்கு முன்பே, யாழ்ப்பாணத்திலிருந்து மலேயாவுக்குப் போய்ப் பிழைத்த ஆர். முத்தையா என்பவர் தமிழுக்குத் தட்டச்சுப் பலகை அமைத்துக் கொடுத்திருந்தார். ஊர்தோறும் இன்ஸ்டிட்யூட்கள் முளைத்தன. ஏழை வீட்டுப் பிள்ளைகள் இரண்டு தலைமுறை அந்தப் பொறியைத் தட்டித்தான் சர்க்கார் உத்தியோகத்தை எட்டிப் பிடித்தார்கள். 2009-ல் கோத்ரெஜ் கம்பெனி டைப்ரைட்டர் செய்வதையே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் பல வருஷம் நம் பிள்ளைகள் பரீட்சை எழுதியது அந்தப் பழைய பொறியில்தான். ஆபீஸிலோ கம்ப்யூட்டர். 1999-ல் சர்க்காரே ‘தமிழ்99’ என்று புது விசைப்பலகையை வகுத்தது. 2010-ல் ஒருங்குறி எழுத்தை ஏற்றுக்கொண்டது. பரீட்சைக்கு ஒரு பலகை, சர்க்கார் வகுத்த தரம் வேறு பலகை. படிக்கிறவள் இரண்டுக்கும் தனித்தனியே பணம் கட்டினாள். திட்டம் போடுகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை போலும்.

சரி, இவ்வளவும் படித்துத் தேறினால் வேலை கிடைக்குமா?

இங்கேதான் மந்திரிகளின் பேச்சுக்கும் கணக்குக்கும் ஒத்து வருவதில்லை. “வேலை இருக்கிறது, திறமைதான் இல்லை” என்று டில்லியிலும் சொல்கிறார்கள், சென்னையிலும் சொல்கிறார்கள். 2022-ல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். 2024 ஜூனில் 6,244 இடங்கள். 20 லட்சத்துக்கு மேல் விண்ணப்பம். 2025 ஜூலையில் 3,935 இடங்கள். 13 லட்சத்துக்கு மேல் விண்ணப்பம். பிறகு கூட்டிய இடங்களையும் சேர்த்துக்கொண்டால்கூட ஒரு நாற்காலிக்கு இருநூறு பேருக்குக் குறையவில்லை. பத்தாவது போதும் என்ற வேலைக்கு எஞ்சினீயர்களும் எம்.ஏ.க்களும் வரிசையில் நிற்கிறார்கள். அந்த இருநூறு பேரில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் திறமை இல்லையா? இருநூறு பேரும் நிமிஷத்துக்கு அறுபது சொல் அடித்தாலும் நாற்காலி ஒன்றுதானே?

இளநிலை உதவியாளருக்கும் டைப்பிஸ்டுக்கும் தொடக்கச் சம்பளம் 19,500 ரூபாய், அதன்மேல் படிகள். இதே வேலையைத் தனியார் ஏஜென்சி மூலம் ஒரு பெண் செய்தால் அதில் பாதியாவது கிடைக்குமா என்பது சந்தேகம். ஏஜென்சிக்காரன் கமிஷன் போகத்தான் அவளுக்கு. 2022 அக்டோபரில் 115-ஆம் எண் அரசாணை ஒன்று வந்தது ஞாபகமிருக்கலாம். கீழ்மட்டப் பணியிடங்களை வெளி ஏஜென்சி மூலம் நிரப்பலாமா என்று ஆராய அதில் ஒரு குழு. ஊழியர் சங்கங்கள் கிளர்ந்தெழுந்தன; குழுவுக்குக் கொடுத்த ஆய்வு வரம்பை சர்க்கார் வாபஸ் வாங்கிற்று. அரசாணை போனாலும் ஆசை போய்விட்டதாக நாம் நினைக்கவில்லை.

பயிற்சி பெற்று வேலையின்றி நிற்கும் பட்டாளம் யாருக்கு உபயோகப்படுகிறது என்பதை 2003-ல் பார்த்தோம். அந்த ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒரே அடியாக வேலைநீக்கம். காலியான நாற்காலிகளில் யாரை உட்கார வைத்தார்கள்? தொகுப்பூதியத்துக்கு, தற்காலிகமாக, வேலையற்ற வாலிபர்களை. சான்றிதழை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அவர்களை நாம் குற்றம் சொல்லவில்லை. பசித்தவனைக் கொண்டு பசித்தவனை அடிப்பது முதலாளித்துவ ஆட்சியின் பழைய வித்தை. உள்ளே இருப்பவர்களும் வெளியே நிற்பவர்களும் அன்று ஒருவரையொருவர் அறிந்திருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். ஊழியர் சங்கத் தோழர்களுக்கு நாம் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம்: உங்கள் சம்பளக் கமிஷன் கோரிக்கையோடு, காலி இடங்களை நிரப்பு என்ற கோரிக்கையையும் முதல் வரியில் வையுங்கள். கடைசி வரியில் வைத்தால் வெளியே நிற்கிற பெண் அதுவரை படிக்க மாட்டாள்.

சர்க்கார் இலவசமாகப் பயிற்சி தருவதே இல்லையா என்று கேட்கலாம். தருகிறது. அரசு ஐடிஐ-களில் ‘கோபா’ என்று ஓராண்டுக் கம்ப்யூட்டர் பயிற்சி இருக்கிறது. திருவண்ணாமலையில் இந்தியன் வங்கியின் கிராமியச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அத்தகைய நிலையங்களில் பயிற்சியும் சாப்பாடும் இலவசம். ஆனால் சொந்தத் தொழில் செய்வோருக்கென்று ஏற்பட்டது அது. குமாஸ்தா வேலைக்கு அல்ல. மேல்நிலைப் பள்ளிகளில் அலுவலகச் செயலியல் என்று தொழிற்கல்விப் பிரிவு ஒன்று உண்டு. கூலிக்காரன் வீட்டுப் பெண் காலணாச் செலவில்லாமல் டைப்ரைட்டிங் பழகிய பிரிவு அது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் இடத்தில் புது ஆளைப் போடாமல் பல பள்ளிகளில் அதைத் தானாகச் சாகவிட்டார்கள். இருந்ததை மூடிவிட்டுப் புதிய திட்டத்துக்குப் பேனர் கட்டினார்கள்.

அந்தப் புதிய திட்டங்களின் லட்சணம் என்ன? 2015-ல் டாம்பீகமாக ஆரம்பித்த பிரதம மந்திரியின் திறன் பயிற்சித் திட்டத்தைத் தணிக்கை செய்த மத்திய தலைமைக் கணக்காயரின் அறிக்கை 2025 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயிற்சி பெற்றதாகச் சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோரின் வங்கிக் கணக்கு விவரம் வெறுமையாகவோ பூஜ்யமாகவோ இருந்ததாம். கூலிக்காரி பெயரில் ஓர் எழுத்து பிசகினால் கூலி நிற்கிறது. கோடிகள் செலவான திட்டத்தில் கணக்கு எண்ணே இல்லாவிட்டாலும் காரியம் நடக்கிறது! இதில் யாருக்குப் பயிற்சி தேவை என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நாம் கேட்பது பெரிய மாளிகையல்ல. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்ற பெயரில் கம்ப்யூட்டர் கூடங்கள் ஏற்படுத்தியிருக்கிறார்கள். மாலையில் பள்ளி விட்டால் அந்தக் கூடத்துக்குப் பூட்டு. கம்ப்யூட்டர் உள்ளே சும்மா கிடக்கிறது. அதே தெருவில் அதைக் கற்க ஒரு பெண் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறிப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறாள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் இருட்டு இருட்டுதானே! அந்தப் பயத்துக்காகவே பல வீடுகளில் வகுப்பை நிறுத்திவிடுகிறார்கள்.

கீழ்பென்னாத்தூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை அந்தக் கூடத்தைத் திறந்துவிடு என்கிறோம். வேலையில்லாமல் இருக்கும் கம்ப்யூட்டர் பட்டதாரி ஒருவருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுத்து ஆசிரியராகப் போடு. தமிழ், ஆங்கிலம் இரண்டு தட்டச்சும், சிஓஏ பாடமும், தமிழ்99 பலகையும் சொல்லிக் கொடு. விவசாயத் தொழிலாளி, ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய். வாரத்தில் ஒரு நாள் பெரியவர்களுக்கு ஒதுக்கு: சிட்டா எப்படிப் பார்ப்பது, வைப்புநிதி இருப்பை எப்படிப் பார்ப்பது, வங்கியில் பெயர் எப்படி இருக்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புது மெஷின் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். சாவி ஒன்று வேண்டும், ஓர் ஆசிரியர் வேண்டும். கரண்ட் பில்லைக் காட்டி மறுப்பார்கள். அந்தக் கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

இத்தோடு, காலி இடங்களை நிரப்பச் சொல்வதையும், ஒன்றிய ஆபீஸ் கணினி உதவியாளர்களை நிரந்தரமாக்கச் சொல்வதையும் விட்டுவிடக் கூடாது. பயிற்சி மட்டும் கொடுத்துவிட்டு வேலையைப்பற்றிப் பேசாதிருந்தால், நாற்காலிக்கு இருநூறு என்பது முந்நூறு ஆகும், அவ்வளவுதான்.

நம்மைக் கேட்ட அந்தத் தோழருக்கு நாம் சொன்ன பதில் இதுதான். உங்கள் பெண்ணிடம் டைப்பு இரண்டும் இருக்கிறது. ஒன்று முதுநிலையாக இருந்தால் டைப்பிஸ்ட் இடத்துக்கும், எப்படியிருந்தாலும் இளநிலை உதவியாளர் இடத்துக்கும் விண்ணப்பம் போடட்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்திருந்தால் அதற்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. பள்ளியில் அந்தச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். கம்ப்யூட்டருக்கு இனி வெளியே ஒரு காசும் கட்ட வேண்டாம். பரீட்சைக்கு வேண்டியது பள்ளிப் புத்தகம்தான், முக்கியமாகத் தமிழ்ப் புத்தகம். தமிழில் நூற்றுக்கு நாற்பது எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தெருவில் இதே நிலைமையில் இருக்கும் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது. வேலை கட்டாயம் கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

பள்ளிக் கூடத்தை மாலையில் திறக்கச் சொல்லும் மனுவைக் கீழ்பென்னாத்தூர் வட்டாரத் தோழர்கள் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுக்க வேண்டும். விவசாயத் தொழிலாளர், மாதர், வாலிபர், மாணவர் எல்லோரும் கையெழுத்திடட்டும். மனுவை வெளியே கொடுத்து அடிக்க வேண்டியதில்லை. டைப்பு பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நம் பெண்களே அடித்துத் தருவார்கள். மனுவுக்கு எண் போட்ட ரசீதை வாங்காமல் திரும்ப வேண்டாம்.